பெரிட்டோ மொரேனோவா, யோகுல்சார்லோனா? பனியாறு பார்க்கப் போகும் தம்பதிக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரில் ஒருவருக்குத்தான் கேமரா மேல் காதல், மற்றவர் கூடத் துணையாக வருகிறார் என்றால், அர்ஜென்டினாவின் பெரிட்டோ மொரேனோவுக்கே போங்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கேமரா என்னிடம், கூர்மையான கண் என் மனைவியிடம்.

அந்தப் பனியாற்றின் முகப்பு சுமார் 5 கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். எதிர்ச்சரிவில் மரநடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே முக்கிய வேலையே காத்திருப்பதுதான். பனி பெயர்ந்து விழும் சத்தம் 340 மீட்டரைக் கடக்க ஒரு நொடி ஆகும். சத்தம் கேட்டுக் கேமராவைத் திருப்பினால் எழும்பும் அலைதான் கிடைக்கும். அதனால் நாங்கள் அந்தப் பனிச்சுவரைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். வலது பாதி எனக்கு, இடது பாதி அவளுக்கு. பெரிய துண்டு விழுவதற்கு முன் பல நேரம் சின்னச் சின்னத் தூளாக உதிரும். "இடது பக்கம், அந்த நீல விரிசல்!" என்று அவள் சொன்னதும் திருப்பினேன். அன்று எடுத்ததில் ஆகச் சிறந்த படம் அதுதான். அதில் பாதி அவளுடையது என்றே நினைக்கிறேன்.

குறையும் உண்டு. பூங்காவைத் திறக்கவும் மூடவும் நேரம் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையும் இரவு வானமும் உங்களுக்கு இல்லை. நடைபாதையிலிருந்து பார்க்கும்போது பனிக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தி அளவு காட்டவும் முடியாது. சுற்றுலாப் படகு குறுக்கே வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஐஸ்லாந்தின் யோகுல்சார்லோன் இதற்கு நேர் எதிர். நாட்டைச் சுற்றிவரும் முதலாம் எண் சாலையை ஒட்டியே ஏரி இருக்கிறது, எந்த நேரமும் போகலாம். ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம். டிசம்பரில் பகல் நான்கைந்து மணி நேரம்தான், ஆனால் வானம் தெளிந்தால் துருவ ஒளி கிடைக்கலாம். 1930களில் பனியாறு பின்வாங்கத் தொடங்கிய பிறகு உருவான ஏரி இது, இன்னும் பெரிதாகிக்கொண்டே இருக்கிறது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் பனித்துண்டுகள் கறுப்பு மணலில் ஒதுங்கிக் கிடக்கும். துணைவர் ஒரு சிவப்பு ஜாக்கெட்டோடு பக்கத்தில் நின்றால் அளவு சட்டென்று புரியும்.

ஆனால் அந்தக் கரையில் ஒருவர் கேமராவுக்குள் பார்க்கும்போது இன்னொருவர் கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலை திடீரென்று மேலேறி வந்து காலை வாரிவிடும். அப்படியானால் படம் எடுக்காதவருக்கு அங்கே காவல் வேலைதான். குளிரில் மணிக்கணக்காக அதைச் செய்யச் சொல்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பனிக்குகை ஆசையையும் யோசித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில், இந்த ஏரிக்குப் பனி தரும் அதே பனியாற்றில், வழிகாட்டியோடு போன குழுவின் மேல் பனி சரிந்து ஒருவர் இறந்தார். கோடையில் போகவே கூடாது என்பது என் கருத்து.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற விஷயத்திலும் இரண்டு இடமும் எதிரெதிர். மொரேனோவில் சட்டகம் முழுக்க வெள்ளை என்பதால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக்குங்கள். ஐஸ்லாந்தின் கறுப்பு மணலில் கேமரா வெளிச்சத்தை அள்ளிக்கொடுத்து, பனியின் நுணுக்கத்தை அழித்துவிடும். அங்கே குறைக்க வேண்டும். நீலம் ஆழமாக வர இரண்டு இடத்திலும் மேகமூட்டம் நல்லது. மழை மேகத்தைப் பார்த்து அறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சரி, இருவருமே கேமரா பிரியர்கள் என்றால்? அப்போது தயங்காமல் ஐஸ்லாந்து. ஒருவர் கடற்கரையில் பெரிய துண்டுகளைத் தேடட்டும், இன்னொருவர் ஏரிப்பக்கம், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸோடு சீல்களுக்குக் காத்திருக்கட்டும். அலைக்கு அருகே இறங்கும்போது மட்டும் இருவரும் சேர்ந்தே போங்கள், முறை வைத்து எடுங்கள்.