தண்டையார்பேட்டை எடிட் ரூமில் நாலு டிஸ்க் ரெய்டு பெட்டி: எட்டு மாத அனுபவம்

க்யூநாப் டிஆர்-004, அதாவது பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் (ரெய்டு) பெட்டி, வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆவணி முகூர்த்தம் முழுவதும் அதில்தான் வேலை ஓடியது. கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, நடுவில் நம்ம ஏரியா பசங்களின் கானா வீடியோ என்று பிழைக்கும் சின்ன எடிட் ரூமுக்கு இது தாராளமாகப் போதும், தைரியமாக வாங்கலாம். ஆனால் நிறைய பேர் ஏமாறுவது பெட்டியில் இல்லை, அதற்குள் போடும் டிஸ்க்கில். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முன்பு இரண்டு டிஸ்க் போடும் வேறு ஒரு பெட்டி வைத்திருந்தேன். வேகம் வேண்டும் என்று ரெய்டு 0 போட்டிருந்தேன். ஃபைலைத் துண்டு துண்டாக்கி இரண்டு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும், வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், ஆனால் ஒன்று படுத்தால் இரண்டும் காலி. படுத்தது. ராயபுரத்தில் ஒரு வளைகாப்பு, அந்த வீட்டு ஆயா வளையல் அடுக்கிக்கொண்டே பழைய நலங்குப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடியிருந்தார். கேமரா கார்டை அடுத்த நாளே ஃபார்மட் அடித்து வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டேன், அந்தப் பாட்டு வேறு எங்கேயும் இல்லை. ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நின்றது இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கே ரெய்டு 0 பக்கம் இனி போவதில்லை என்று முடிவு செய்தேன்.

டிஆர்-004 நாலு டிஸ்க் பெட்டி, யூஎஸ்பி டைப்-சி. ரெய்டு வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்கிறது, கம்ப்யூட்டருக்கு அது ஒரே ஒரு பெரிய டிஸ்க்காகத்தான் தெரியும். பின்புறம் குட்டியாக மூன்று சுவிட்ச் இருக்கிறது, எந்த ரெய்டு என்பதை அதிலேயே வைக்கலாம். ஒரு தடவை வைத்த பிறகு மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முதல் நாளே யோசித்து வைத்துவிடுங்கள். நான் நாலு 4 டிபி டிஸ்க் போட்டு ரெய்டு 5 வைத்தேன், அதில் ஒரு டிஸ்க் படுத்தாலும் ஃபைல் போகாது. ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக் கணக்குக்குப் போய்விடும், மீதி 12 டிபி, விண்டோஸில் 10.9 என்று காட்டும். எங்கள் கேமராக்கள் 4கே-யில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) எழுதுகின்றன, அதாவது மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 540 ஜிபி. இருபது கல்யாணம் உள்ளே நிற்கும்.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இது 5 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி, கணக்குப்படி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் போகவே முடியாது, நடைமுறையில் 400 பக்கம் வந்தாலே நல்ல வேகம். அது குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் 100 எம்பிபிஎஸ் ஃபுட்டேஜ் நொடிக்கு 12.5 எம்பிதான், மூன்று கேமராவையும் ஒன்றாக ஓட்டினாலும் 40 எம்பியைத் தொடாது. அதையே 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற பெரிய எடிட்டிங் ஃபைலாக மாற்றினால் ஒரு 4கே ஓட்டத்துக்கு 92 எம்பி ஆகும், மூன்று என்றால் 276, அப்போது பெட்டிக்கு மூச்சு வாங்கும். டைம்லைன் திக்குகிறது என்று பெட்டியை மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையில் திக்குவது புராசஸர், ரொம்ப அழுத்திச் சுருக்கிய ஹெச்.265 10-பிட் 4:2:2 ஃபைலைப் பிரித்துக் காட்ட முடியாமல் திணறுகிறது. டாவின்சி எடிட்டிங் சாஃப்ட்வேரில் பிராக்ஸி (ஃபுட்டேஜின் சின்ன நகல்) போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் டிஸ்க் மேல் குற்றமில்லை. கேஷ் ஃபைல்களை (சாஃப்ட்வேர் தற்காலிகமாக எழுதி வைப்பவை) மட்டும் கம்ப்யூட்டருக்குள் ஒரு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியில் வையுங்கள். இதைவிட வேகமான தண்டர்போல்ட் இணைப்புப் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அங்கே போனால் பலன் அதிகம். கேமராவின் ரா ஃபுட்டேஜில் (மிகப் பெரிய ஃபைல்கள்) விளம்பரப் படம் செய்பவர்களுக்கு இந்தப் பெட்டி பத்தாது, அவர்கள் வேறு பார்க்கலாம்.

இப்போது டிஸ்க். மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் பையன், “அண்ணே, சிசிடிவி டிஸ்க் போடுங்க, விலை கம்மி, 24 மணி நேரமும் ஓடும்” என்றான். ஓடும்தான், ஆனால் அது கேமராவிலிருந்து வருவதை விடாமல் எழுதிக்கொண்டே இருப்பதற்குச் செய்தது, எடிட்டிங்கில் நாம் அங்கும் இங்கும் தாவித் தாவிப் படிக்கிறோம். அடுத்த கடையில் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் எடுத்துக் காட்டினார்கள், எஸ்எம்ஆர். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவதுபோல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் ஏறி நிற்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டில் டிஸ்க் மாற்றிக் கட்டும்போது இது உயிரை எடுக்கும். நாஸ் டிஸ்க் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கானது) என்று அட்டையில் போட்டிருந்தாலும் மாடல் எண்ணைப் பாருங்கள், 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலே தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் இருப்பதை ஒப்புக்கொண்டது, அப்புறம்தான் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) உள்ளதற்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. நான் எடுத்தது சீகேட் அயர்ன்வுல்ஃப், சிஎம்ஆர், மூன்று வருட வாரண்டி. இரண்டு கடையில் இரண்டு இரண்டாக வாங்கினேன், ஒரே லாட்டில் வந்தவை ஒரே சமயத்தில் படுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லி, கடையில் நிற்கும்போதே போனில் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி இந்தியாவுக்கு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

புதுப் பெட்டியை நம்பி வேலையைப் போடுவதற்கு முன் ஒன்று செய்தேன், நீங்களும் செய்யுங்கள். பழைய கல்யாணம் ஒன்றை காப்பி அடித்து, டைம்லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது டிஸ்க்கை அதன் ட்ரேயோடு உருவினேன். கை நடுங்கியது. அந்த ட்ரேயின் விளக்கு மாறியது, படம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. தாலி கட்டும் ஷாட், மேளச் சத்தம் துளி உடையவில்லை. அதே டிஸ்க்கில் இருந்ததை அழித்துத் திரும்பச் சொருகினேன், இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்த ரீபில்ட் (மற்ற மூன்றையும் வைத்து அந்த டிஸ்க்கைத் திரும்ப நிரப்புவது) காலையில் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது முடிந்திருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கென்று சில விஷயம். கரண்ட் பட்டென்று போகும்போது பாதி எழுதிய நிலையில் நின்றால் ரெய்டு 5-க்கு ஆகாது, யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு பெட்டியையும் மாட்டுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர், அதனால் பெட்டி மேஜைக்கு மேலே ஷெல்ஃபில் இருக்கிறது. காசிமேட்டுக் காற்றில் உப்பு, கன்டெய்னர் லாரிகளால் தூசி, மாதம் ஒரு முறை அணைத்துவிட்டு ஃபேன் பக்கத்தை பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். பெட்டியின் சிப்பே போய்விட்டால் அதே மாதிரிப் பெட்டி கிடைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்கும் நம்பிக்கை வைக்கலாம், அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் ஏறி பெரம்பூரில் அக்கா வீட்டுக்குப் போகிறது. அது போய்ச் சேரும் வரை கார்டை ஃபார்மட் அடிப்பதில்லை. ஐந்தாவதாக அதே 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, கவர் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.