மாடல் 29: பழசா, புதுசா?

டெக்சாஸ்ல இருக்கிற மச்சான் லீவுக்கு கடலூர் வந்தப்போ சில்வர் பீச்ல உக்காந்து இதையேதான் பேசிட்டிருந்தோம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியோட மாடல் 29 ரிவால்வர், .44 மேக்னம்ங்கிற பவரான தோட்டா போடுறது, பழசு வாங்கலாமா புதுசா. என் ஓட்டு பழசுக்குத்தான். 1982க்கு முன்னாடி வந்ததுல பேரல்ல, அதாவது குழல்ல, குறுக்கால ஒரு பின் அடிச்சிருப்பாங்க, தோட்டாவோட விளிம்பு சிலிண்டருக்குள்ளயே, அதாவது தோட்டா போடுற உருளைக்குள்ளயே, பதிஞ்சு உக்காரும், அந்த நீல பாலிஷ்ல நம்ம முகமே தெரியும். ஆனா மச்சான், தோட்டா இல்லன்னு உறுதி பண்ணிட்டு சிலிண்டர முன்னும் பின்னும் அசைச்சுப் பாரு, லொடலொடன்னு ஆடுச்சுன்னா தொடாதன்னேன். 2001க்கு அப்புறம் வந்த நிறைய துப்பாக்கில சைடுல பூட்டுறதுக்கு சாவி போடுற ஓட்டை ஒண்ணு இருக்கும், எனக்கு அது கண்ண உறுத்துது. ஆனா ஃபுல் லோடு, அதாவது முழு பவர் தோட்டா, நிறைய சுடுவேன்னா புதுசுதான் நல்லா தாங்கும்.