சிகாகோவுக்கு ஐந்து முனை நட்சத்திரமா? நகரக் கொடி பேட்ச் செட் எப்படி இருக்கிறது

ஆறு நகரங்களின் கொடியும் சின்னமும் எம்பிராய்டரி பேட்சாக ஒரே டப்பாவில். விலை 899 ரூபாய். விற்ற கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. நான் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் பஞ்சிங் செய்கிறவன், அதாவது படத்தை மெஷின் போடும் தையல்களாக மாற்றிக் கொடுக்கிறவன். ஸ்கூல் பேட்ஜ், செக்யூரிட்டி யூனிஃபார்ம், கோயில் கமிட்டி டி-ஷர்ட், இவைதான் தினப்படி வேலை. அதனால் பேட்ச் கையில் வந்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் சுத்தம். தொங்கும் நூல் இல்லை. ஓரத்தைச் சுற்றிக் கட்டும் மெரோ தையல் பிரியவில்லை, வெந்நீரில் துவைத்தும் சாயம் போகவில்லை. இஸ்திரி போட்டு ஒட்டுகிற பசை மட்டும் ஜீன்ஸில் மூலைக்கு மூலை கிளம்புகிறது. சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம்தான் செட்டிலேயே ராஜா. சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று பட்டை; நடுக் கறுப்பில் மூன்று வெள்ளைச் சிலுவைகள், பெருக்கல் குறி மாதிரி சாய்ந்தவை. வேறொன்றும் இல்லை. மூன்று நூலில் வேலை முடிந்தது. ஐரோப்பியச் சின்ன மரபில் பழைய விதி ஒன்று உண்டு: வெள்ளையும் மஞ்சளும் உலோகக் கணக்கு; சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிறக் கணக்கு. நிறத்தின் மேல் நிறமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வரக் கூடாது. வந்தால் தூரத்திலிருந்து தெரியாது. சிவப்பையும் கறுப்பையும் ஒட்ட வைத்து ஆம்ஸ்டர்டாம் இந்த விதியை மீறுகிறது. ஆனாலும் பாருங்கள், கண் நேராக வெள்ளைக்குத்தான் போகிறது, அது கறுப்பில் பளிச்சென்று நிற்கிறது. ஒன்றரை அங்குலத்துக்குச் சுருக்கினாலும் கெடாது.

சிகாகோவில்தான் கோபம் வந்தது. வெள்ளையில் இரண்டு வெளிர்நீலப் பட்டை, நடுவே நான்கு சிவப்பு நட்சத்திரம். 1917-இல் இரண்டு நட்சத்திரத்தோடு ஆரம்பித்த கொடி; 1933-இல் ஒன்றும் 1939-இல் ஒன்றும் சேர்ந்தன. 1871 பெருந்தீக்கு ஒன்று, 1893 உலகக் கண்காட்சிக்கு ஒன்று என ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. நாடுகளின் கொடிகளில் ஐந்து முனை வருகிறது என்பதால், வடிவமைத்த வாலஸ் ரைஸ் வேண்டுமென்றே ஆறு முனை வைத்தார். எனக்கு வந்ததில் ஐந்து முனை! எப்படி நடந்திருக்கும் என்பது தெரிந்ததுதான். சாஃப்ட்வேரில் ரெடிமேடாக ஐந்து முனை நட்சத்திரம் கிடக்கும். எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

பாரிஸ் கப்பல் பரவாயில்லை. பெர்லின் கரடிக்குச் சிவப்பு நாக்கு, வெறும் நாலைந்து தையல்தான், ஆனால் சரியாக விழுந்திருக்கிறது. அதைப் போட்டவர் நல்ல கைக்காரர்.

அப்புறம் கல்கத்தா. 1896-இல் அந்த நகராட்சிக்குக் கிடைத்த பழைய சின்னத்தில் இரண்டு பக்கமும் பெருநாரைகள், அலகில் பாம்போடு நிற்கும். ஊர்க் குப்பையையும் செத்ததையும் தின்று தெருவைச் சுத்தமாக வைத்த பறவைகளுக்கு நகராட்சிச் சின்னத்திலேயே இடம் கொடுத்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் மூன்று அங்குலத்தில் அந்தப் பாம்பு என்ன ஆகும்? கடைப்பையன் பார்த்துவிட்டு, "அண்ணே, கொக்கு ஏன் நூடுல்ஸ் திங்குது?" என்றான்.

மும்பைதான் ரொம்ப மோசம், அதற்கு விற்றவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. மாநகராட்சிச் சின்னத்தில் 'யதோ தர்மஸ்ததோ ஜய' என்ற வாசகம் தேவநாகரியில் வரும். தேவநாகரிக்கு மேல்கோடு உண்டல்லவா, எழுத்து சின்னதானால் நூல் அந்தக் கோட்டில் முட்டி மொத்தமும் ஒரு பட்டையாகிவிடும். இங்கேயும் அதுதான் ஆகியிருக்கிறது. இதே ஊரில் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே, ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1893-இல் முடிந்த மாநகராட்சிக் கட்டடத்தின் முகப்பில் சிறகு விரித்த பெண் சிலை நிற்கிறது. அந்த உருவம் ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் பேட்ச் எவ்வளவு அழகாக வந்திருக்கும்!

எல்லாவற்றையும் திணிக்கிற ஆசை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பொகடெல்லோ என்ற ஊர், 2001-இல் ஏற்ற கொடியில் டிரேட்மார்க் குறியைக்கூட விட்டுவைத்தது. 2004-இல் 150 நகரக் கொடிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடைசி இடம் அதற்குத்தான். 2017-இல் கொடியையே மாற்றினார்கள். நம் சோழர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலி, இரண்டு மீன், வில், குடை, சாமரம், போதாததற்குச் சுற்றிலும் எழுத்து, ஒரே நெருக்கடி. ஆனால் அது கையில் வைத்துப் பார்க்கிற பொருள். கொடி என்று வந்தால் புலி மட்டும்தான். நம் மாநகராட்சிகள் முத்திரையை அப்படியே தூக்கித் துணியில் போட்டுவிடுகின்றன, பஞ்சிங் செய்கிறவன் தலையில் விடிகிறது.

1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்த செட்டில் கிடையாது என்பதையும் குறையாகவே எழுதுகிறேன்.

ஐந்துக்கு இரண்டரை. முழு டப்பா வேண்டாம். அதே விற்பனைப் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் தனியாக 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை வாங்கிப் பையில் தைத்துக்கொள்ளுங்கள்.