ஹட்டனில் வாங்கிய மருந்தடிப்பு செட்: எது உதவும், எது தண்டம்

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள், மரக்கறி போடுகிறவர்கள் என்று எங்கள் பக்கம் பலர் இப்போது மருந்தடிக்கும் ஆட்களுக்குப் பாதுகாப்பு உடுப்பு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கடையில் ‘செட்’ என்று ஒரு பையில் கட்டித் தருவதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் பாதிச் சாமான் ஆணியில்தான் தொங்கும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்துக்காக ஹட்டன் டவுனில் வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பாவித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். குறை நிறையச் சொல்லப் போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

பைக்குள் இருந்தது இவ்வளவுதான்: இறப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி, மாஸ்க், பிளாஸ்டிக் ஏப்ரன், ஒரு சின்ன முதலுதவிப் பெட்டி. பிரித்துத் தரமாட்டார்கள்.

பூட்ஸ் நல்ல சாமான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்பாகத்தில் பல் ஆழமாக இருக்கிறது, ஈரச் சரிவில் வழுக்கவில்லை, இத்தனை மழைக்கும் ஒட்டு விடவில்லை. அட்டை மட்டும் அதையும் மீறி ஏறத்தான் செய்யும், அதற்கு நம் ஆட்கள் பூசும் சவர்க்காரமே போதும். போடும் விதத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்: காற்சட்டையை பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு போகிறார்கள், பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் தொடையில் படும் மருந்து வழிந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கி, பாதம் நாள் முழுக்க அதில் ஊறும். காற்சட்டை வெளியே, பூட்ஸுக்கு மேலே விழ வேண்டும். பெண்களின் அளவு பூட்ஸ் அந்தக் கடையில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். கொழுந்தெடுப்பதில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள், அவர்கள்தான் ஓட்டைச் செருப்போடு மலை ஏறுகிறார்கள், இவர்கள் 7ஆம் நம்பருக்குக் கீழே கொண்டுவருவதே இல்லையாம். ‘அக்காமாருக்கு ரெண்டு மேசு போட்டா சரியா வரும் அண்ணே’ என்றார் கடைத் தம்பி. வராது தம்பி, சரிவில் கால் உள்ளே புரண்டால் விழுவதுதான் நடக்கும்.

கையுறை சுத்தத் தண்டம். துணியில் பின்னி உள்ளங்கையில் மட்டும் இறப்பர் தடவியது. கல் தூக்க, கவ்வாத்து வெட்ட உதவும். மருந்துக்கு இதைப் போடுவதைவிட வெறுங்கை மேல், ஏனென்றால் துணி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வெறுங்கை என்றால் கழுவலாம். நைட்ரைல் (மருந்து ஊறாத ஒரு வகை இறப்பர்) என்று எழுதிய, முழங்கைப் பக்கம் வரை வரும் நீளக் கையுறையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். புல்லுக்கு அடிக்கும்போது கை கீழே தொங்குவதால் சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும், உயரமான செடிக்கு அடித்தால் அதற்கு நேர்மாறு, சட்டைக் கை கையுறைக்கு உள்ளே. கழற்றுவதற்கு முன் கையுறையோடேயே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இனி மாஸ்க். கொரோனாக் காலத்தில் எல்லோரும் போட்டோமே, அதே நீலநிற மூன்று மடிப்பு மாஸ்க்கைத்தான் செட்டில் வைத்திருக்கிறார்கள். மலையில் பனியும் மூச்சும் பட்டு அது கொஞ்ச நேரத்திலேயே நனைந்துவிடும், அதற்கு மேல் மருந்துத் துளியும் ஏறினால், மருந்தில் தோய்த்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரிதான். ‘எல்லா எஸ்டேட்டுக்கும் இதைத்தான் குடுக்கிறோம்’ என்று பதில் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தால் சரியாகிவிடுமா?

தூசிக்கு என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று எழுதிய மாஸ்க் நல்லது. நுண் துகளில் 95, 94 சதவீதம் பிடிக்கும் என்பது அவற்றின் தரக் கணக்கு, ஆனால் முகத்தோடு இறுக்கமாக ஒட்டினால்தான். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கும் இடத்தில் தூசிக்குள் நிற்பவர்களுக்கு அதைக் கொடுங்கள். பூச்சி மருந்தின் ஆவியை அது நிறுத்தாது. அதற்கு இறப்பரில் செய்த அரைமுக மாஸ்க், பக்கத்துக்கு ஒரு பில்டரோடு வரும், ஐரோப்பியத் தரத்தில் கபிலப் பட்டை ஆவிக்கு, வெள்ளைப் பட்டை துகளுக்கு, மருந்தடிக்க இரண்டும் சேர்ந்தது வேண்டும். அமெரிக்கத் தரத்தில் கபிலத்துக்குப் பதில் கறுப்பு, அதனால் நிறத்தை மட்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம். விலை கூடத்தான். கிளைபோசேட் என்ற புல் மருந்தை மட்டும் அடிப்பவர்களுக்கு ஆவி பெரிய பிரச்சினை இல்லை, துளி மூக்குக்குள் போகாமல் இருந்தால் போதும். கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் விதம்விதமாக அடிக்கிறவர்கள் போத்தல் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். 2015இல் கிளைபோசேட்டை நிறுத்தி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி விட்டார்களே, அந்த இடைவெளியில் மண்வெட்டியோடு புல் பிடுங்கிப் பழகிய பொடியன்கள் பலருக்கு முதுகில் மருந்து டாங்கி தூக்கும் ஒழுங்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த மாஸ்க்கைப் போட்டதும் இரண்டு பில்டரையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்துப் பாருங்கள், மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்ளே இழுபட வேண்டும், இல்லையென்றால் காற்று எங்கோ களவாகப் போகிறது. தாடி இருந்தால் ஒட்டாது. அப்புறம், மருந்து வைக்கிற அறையிலேயே மாஸ்க்கைத் தொங்கவிடுகிறார்கள், அந்த அறைக் காற்றைக் குடித்துக்கொண்டே பில்டர் வேலைக்குப் போகாமலே செத்துவிடும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். உள்ளே மணம் வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

கண்ணாடி பனி படிந்து ஒன்றும் தெரியாமல் போகிறது, சரிவில் கண் தெரியாமல் நடப்பது மருந்தைவிட ஆபத்து. ஆட்கள் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடிக்கிறார்கள், அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முகம் முழுக்க வரும், கீழே திறந்த பிளாஸ்டிக் மறைப்பு இதைவிட எவ்வளவோ நல்லது, மூன்றில் ஒரு பங்கு விலைதான்.

ஏப்ரன் முன்பக்கத்தை மறைக்கிறது, நனைவது முதுகு. 16 லீற்றர் டாங்கியில் மூடி கசிந்தால் முதுகுத்தண்டு வழியே இடுப்புக்கு இறங்கும், அந்த ஈரத்தை வியர்வை என்று நினைத்துக்கொண்டு ஆள் நடப்பான். இதற்குச் செட்டில் ஒன்றுமே இல்லை. மூடிக்கும் குழாய் மூட்டுக்கும் புது வொஷர் வாங்கிப் போட்டோம், நின்றது. கடையிலேயே ஆகக் குறைந்த விலைச் சாமான் அதுதான், இந்த முழுச் செட்டைவிட அதிகம் உதவியதும் அதுதான். வெற்றுத் தண்ணீர் ஊற்றி முதுகில் போட்டுப் பார்த்துவிட்டு மருந்து கலக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, பிளாஸ்டர், ஒரு குட்டிக் களிம்பு. கண்ணில் மருந்து பட்டால் ஊற்றிக் கழுவச் சுத்தத் தண்ணீர் ஒரு கேன் மலைக்கே போக வேண்டும், குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அதைப் பற்றி ஒரு சீட்டுக்கூட இல்லை. இருந்த சீட்டு ஆங்கிலமும் சீனமும். குளவி கொட்டி மூச்சு முட்டினால் எந்தப் பெட்டியும் உதவாது, 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆளைத் தார் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலாளிமாருக்கு ஒன்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குத்தான், மலைக்கு இல்லை. கொழுந்து உருட்டும் ரோலரின் பெல்ட்டுக்குக் கூடு போடச் சொல்லிக் கேட்க அந்தச் சட்டத்தில் அதிகாரி உண்டு, மருந்தடிக்கிறவன் முதுகு நனைகிறதா என்று கேட்க வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும். உடுப்பு மாற்றவும் குளிக்கவும் கால் மணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதே உடுப்போடு லயத்துக்குப் போய், பிள்ளையைத் தூக்குவார்கள், அந்தச் சட்டையும் பிள்ளையின் யூனிபோமும் ஒரே வாளியில் ஊறும்.

கடையைப் பற்றிச் சரியாகச் சொல்வதென்றால், கிழிந்த ஒரு பூட்ஸை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஸ்டோர் ஆட்களுக்கு ரோலர் சத்தத்துக்கு நுரைக் காதடைப்பான் கேட்டதும் உருட்டிச் செருகக் காட்டியும் கொடுத்தார்கள். செட் வாங்காதீர்கள். பூட்ஸ், வொஷர், காதடைப்பான் அங்கே வாங்கலாம். நைட்ரைல் கையுறையையும் அரைமுக மாஸ்க்கையும் நாங்கள் கண்டியிலிருந்து எடுப்பித்தோம். பெண்களுக்கு 4, 5ஆம் நம்பர் பூட்ஸ் பத்து ஜோடிக்கு மேல் ஓடர் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் யாராவது சேர்ந்தால் கீழே எழுதுங்கள்.