சேர்வராயன் கோயில் சாலையில் ஓர் ஆரஞ்சுக் கடை

ஏற்காடு ஏரியைத் தாண்டிச் சேர்வராயன் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரு காப்பித் தோட்டத்தின் கம்பிவேலியை ஒட்டி, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது இந்தப் பழக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி, அதன்மேல் இரண்டு மூங்கில் கூடைகள், ஒரு பழைய தட்டுத் தராசு. தை மாதத்தில் இரண்டு முறை போய் வந்தேன். இரண்டாவது முறை இந்தக் கடைக்காகவே சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போனேன்.

ஒரு பழக்கடைக்காக ஏன் இத்தனை தூரம் என்று கேட்பீர்கள். அம்மாபேட்டைப் பக்கம் 32 ஆண்டுகள் உயிரியல் பாடம் எடுத்தவள் நான். நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தியதில் கால்களில் சிரை நாளங்கள் கயிறு கயிறாகப் புடைத்துவிட்டன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டயோஸ்மின் 450 மில்லிகிராம், ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம் என்று இருந்தது. ஹெஸ்பெரிடின் என்பது ஆரஞ்சுத் தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதியில் நிறைய இருக்கும், ஃப்ளேவனாய்டு என்ற வகையைச் சேர்ந்த தாவரப் பொருள். 1828-இல் லெப்ரெத்தான் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வெள்ளையிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அந்த வெள்ளையைத்தான் இத்தனை வருடமாக நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் குப்பையில் போட்டு, என் பிள்ளைகளுக்குச் சுளையைப் பளிங்காக்கிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

அந்த ஆதங்கத்தில் முதலில் செய்தது தவறான காரியம். சேலத்தில் ஒரு கடையில் 'பயோஃப்ளேவனாய்டு கலவை' என்று எழுதியிருந்த டப்பாவை 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், எந்த ஃப்ளேவனாய்டு, எத்தனை மில்லிகிராம் என்று ஓர் எழுத்துகூட இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன். "எல்லாவற்றுக்கும் நல்லது, மேடம்" என்றார் அங்கிருந்த பையன். எனக்குக் கோபம் வந்தது. ஃப்ளேவனாய்டு என்பது ஒரு பொருளின் பெயரா என்ன? செடிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். வெங்காயத்தில் குவெர்செட்டின், நாவல்பழத்தின் கருநீலத்தில் ஆந்தோசயனின், தேயிலையில் கேட்டகின், சோயாவில் ஐசோஃப்ளேவோன். உடம்புக்குள் ஒவ்வொன்றும் போகும் வழியே வேறு. வெங்காயத்தின் குவெர்செட்டின் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஹெஸ்பெரிடினோ சிறுகுடலால் எளிதில் வெட்ட முடியாத ஒரு சர்க்கரையோடு பிணைந்திருப்பதால் பெருங்குடல்வரை பயணம் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்ட பிறகுதான் இரத்தத்தில் சேர்கிறது. இப்படி இருக்க, பெயரும் அளவும் சொல்லாமல் 'கலவை' என்று விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

கடைக்கு வருகிறேன். கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம், பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். முதல் நாள் நான் கூடையில் கைவைத்ததுமே, "அது நாக்பூர்ப் பழம், கீழேயிருந்து வந்தது. இந்தக் கூடைதான் நம் மலைப் பழம். எது வேண்டும் என்று பார்த்து எடுங்கள்" என்றார். நாக்பூர்ப் பழம் பளபளவென்று ஒரே அளவில் இருந்தது. மலைக் கமலா ஆரஞ்சு சின்னது, பாதி பச்சையும் பாதி மஞ்சளும், தோல் தளர்ந்து தொளதொளவென்று இருந்தது. கிலோவுக்கு 40 ரூபாய் அதிகம். ஏற்காட்டில் ஆரஞ்சு மரங்கள் நோய் கண்டு வரிசையாகப் பட்டுப்போனதும், இப்போது எங்கு திரும்பினாலும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதும் மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மிச்சமிருக்கும் மரத்துப் பழம் என்பதால் விலையைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்து விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப்போவதில்லை.

ருசி பார்க்க ஒரு பழத்தை அவரே உரித்துக் கொடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும். காம்புக் குழியில் கட்டைவிரலை அழுத்தி, தோலை ஐந்து இதழாகப் பிளந்து, பூ மலர்வதுபோல் கீழ்வரை விரித்தார். உள்ளே பழம் வெள்ளை வலை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் அந்த நாரைப் பிய்க்கப் போனேன். "அதை எடுக்காதீர்கள் டீச்சர், அதோடு சாப்பிட்டால்தான் வயிறு கேட்கும்" என்றார். என்னை டீச்சர் என்று எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரியவில்லை. நாரோடும் சவ்வோடும் மென்றேன். முதலில் புளிப்பு, பிறகு தேன் போன்ற இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. விதை நிறைய. அந்தத் துவர்ப்புக்காகவே இன்னும் இரண்டு பழம் சாப்பிட்டேன்.

அவர் மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஹங்கேரி நாட்டு ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜி, வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937-இல் நோபல் பரிசு பெற்றவர், அதற்கு முந்தைய ஆண்டே எலுமிச்சையிலிருந்து எடுத்த ஃப்ளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' (இது ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதாக வரும் பி) என்று பெயர் வைத்தார். நுண்குழாய்களிலிருந்து இரத்தம் கசிவதை அவை தடுக்கும் என்று நம்பினார். இவை இல்லாவிட்டால் வரும் நோய் என்று ஒன்றை யாராலும் காட்ட முடியாததால் 1950-இல் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1993-இல் நெதர்லாந்தில், 65 முதல் 84 வயதுவரையான 805 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃப்ளேவனாய்டு அதிகம் பெற்றவர்களிடம் இதயநோய் இறப்பு குறைவாக இருந்தது. அது கவனிப்பு ஆய்வுதான். காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல அது போதாது. ஆனாலும் உணவாகச் சாப்பிடுவதற்கு அது போதும் என்பது என் கட்சி. என் மாத்திரையை மட்டும் நான் நிறுத்தவில்லை.

இரண்டாவது முறை என் கணவரும் வந்தார். பெட்டிக்கு அருகில் தலையளவு பம்பளிமாஸ் ஒன்று இருந்தது. அதை அவர் ஆசையோடு தூக்கினார். அந்த அம்மா கையை நீட்டித் தடுத்து, "சார் கொழுப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு அடுத்த முறை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். முன்பு ஒரு வாடிக்கையாளர் சொல்லிக் கொடுத்ததாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் தடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட் என்பது பம்பளிமாஸும் சாத்துக்குடி வகை ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். 1989-இல் கனடாவில், மதுவின் சுவையை மறைக்க அதன் சாற்றைக் கொடுத்துச் செய்த ஒரு சோதனையில், இரத்த அழுத்த மருந்தின் அளவு உடம்பில் எதிர்பாராமல் ஏறிப்போனது. கசப்பைத் தரும் நாரிஞ்சின் என்ற ஃப்ளேவனாய்டின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. பிறகு, ஃபுரானோகூமரின் என்ற வேறு பொருள்தான் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குகிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் பம்பளிமாஸிலும் உண்டு. என் கணவர் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர். 90 ரூபாய் வியாபாரத்தை வேண்டாமென்று விட்ட அந்தக் கைக்காக இந்தக் கடையை ஊருக்கே சொல்வேன்.

குறைகளும் உண்டு. நிழல் போதாது, பதினொரு மணிக்கு மேல் வெயில் நேராகக் கூடையில் விழுகிறது, மேலடுக்குப் பழங்கள் சூடேறிக் கிடக்கின்றன. அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் தருகிறார். சாறு கேட்டால் வடிகட்டித்தான் தருகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை, நாரும் சவ்வும் வடிகட்டியிலேயே நின்றுவிடுகின்றன. சில்லறை வைத்திருப்பதில்லை. சனி, ஞாயிறுகளில் கார்கள் வரிசையாக நிற்பதால் நின்று பேச முடியாது.

தோலை எறியாமல் கொண்டுவந்தேன். வெந்நீரில் இரண்டு முறை கழுவி, பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி, மிளகாய், வெல்லம் சேர்த்துத் தொக்காகக் கிண்டினேன். என் அம்மா செய்வது இது, நான்தான் மறந்திருந்தேன். தயிர்ச் சோற்றுக்கு அபாரம். அதே சூட்டில் வெங்காயம் உரிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். காய்ந்த சருகை மட்டும் நீக்குகிறேன், அதற்கடுத்த சிவந்த அடுக்கை விடுவதில்லை, குவெர்செட்டின் அந்த வெளி அடுக்குகளில்தான் கூடுதல். சேலத்துக்காரர்கள் தட்டுவடை செட்டின் (தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்த எங்கள் ஊர்த் தின்பண்டம்) சிவப்பைப் பார்த்து இதுவும் அதுதானே என்று கேட்பார்கள். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலைன், வேறு குடும்பம். அந்த செட்டில் ஃப்ளேவனாய்டுக்கு நான் முதலில் காட்டுவது வெங்காயத்தைத்தான்.

மாசிக் கடைசிவரை மலைப் பழம் வரும் என்று அந்த அம்மா சொன்னார். வாரநாளில், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். துணிப்பையும் பத்து ரூபாய்த் தாள்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரையைப் பிடித்துக்கொண்டது வடிகட்டிக்காக.