சேலத்துத் தரவும் விக்கித்தரவும்: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற தரவுத்தளமான விக்கித்தரவில் (Wikidata) தயங்காமல் இறங்கலாம். பல ஆண்டுகள் புழங்கிய பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

தகவலின் பொருளைக் கணினியும் புரிந்துகொள்ளும் 'சொற்பொருள் வலை' எப்படி இருக்கும் என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் வேறு இருவரும் 2001-ல் விரிவாக எழுதினார்கள். மருத்துவரிடம் நேரம் வாங்குவதைக் கூட மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்தக் கட்டுரை சொன்ன வழியில் அது நடக்கவில்லை. ஆனால் தகவலைச் சிறு சிறு கூற்றுகளாக எழுதும் ஆர்டிஎஃப் (RDF, 1999), அதில் கேள்வி கேட்க உதவும் மொழியான ஸ்பார்க்கிள் (SPARQL, 2008) ஆகிய தரங்கள் நிலைத்துவிட்டன. 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு வழியாகத்தான் அவை என்னைப் போன்றவர்கள் கைக்கு வந்தன.

இங்கே ஊர், ஆள், படம் என ஒவ்வொன்றுக்கும் Q என்று தொடங்கும் தனி அடையாள எண் (க்யூ எண்) உண்டு. மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது, ஒரிகனின் தலைநகரும் சேலம்தான். எண்ணால் கேட்டால் நம் ஊர் அவற்றோடு கலக்காது. அந்த எண்ணில் தமிழ்ப் பெயரை ஒருமுறை பதிந்தால் போதும், எந்தப் பட்டியலிலும் தமிழிலேயே எடுக்கலாம்.

என்னை அதிகம் ஈர்த்தது இது காலத்தைக் கையாளும் விதம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ல் தர்மபுரி பிரிந்தது, 1997-ல் நாமக்கல் பிரிந்தது. ராசிபுரமும் கொல்லிமலையும் அதுவரை சேலம் மாவட்டம். பழைய ஆவணம் 'சேலம் ஜில்லா' என்பதும் சரி, இன்றைய ஆவணம் நாமக்கல் என்பதும் சரி. ராசிபுரத்தின் பக்கத்தில் இரண்டு மாவட்டங்களையும் தொடக்க நாள், முடிவு நாளோடு பதியலாம். இன்றைய மாவட்டத்துக்கு முன்னுரிமைத் தரம் (preferred rank) கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் எளிய கேள்விக்கு ராசிபுரம் இரண்டு மாவட்டங்களிலும் வந்து நிற்கும். கொடுத்தால் பழைய மாவட்டம் அதில் வராது. அதை எடுக்கக் கேள்வியை நீட்டி எழுத வேண்டும். இவ்வளவு நுணுக்கத்துக்கு இடம் வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

அடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய அந்த நிறுவனத்திலிருந்துதான் 1938-ல் முதல் மலையாளப் பேசும்படமும் வந்தது. அவர்கள் தயாரித்த படங்களை ஆண்டு வாரியாக அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். பட்டியலில் ஒரு படம் இல்லையென்றால் அவர்கள் அதை எடுக்கவில்லை என்று பொருளல்ல. தயாரிப்பு நிறுவனத்தை யாரும் இன்னும் பதியாமல் இருக்கலாம். பதியப்படாதது பொய்யாகிவிடாது என்பது ஆர்டிஎஃப் உலகின் அடிப்படை. ஆகவே இதில் வரும் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள். இன்னொன்று, வெளியான ஆண்டைக் கேட்கும் வரியை ஆப்ஷனல் (OPTIONAL) என்ற கட்டளைக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு பதியாத படம் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும்.

குறை என்றால் ஸ்பார்க்கிள்தான். 'மாவட்டம்', 'தயாரிப்பு நிறுவனம்' போன்ற ஒவ்வொரு பண்புக்கும் ஓர் எண் உண்டு; அதை மாற்றிப் போட்டால் கூடப் பிழை காட்டாது, காலிப் பட்டியல்தான் வரும். 60 வினாடியைத் தாண்டும் கேள்வி பாதியில் நின்றுவிடும். அடுத்தவர் எழுதிய கேள்வியை எடுத்துத் திருத்திப் பழகுவதே நல்ல வழி.

இப்போது சேர்வராயன் மலைக் கிராமங்களின் தமிழ்ப் பெயர்களையும் இருப்பிடங்களையும் பதிந்து வருகிறேன். ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களும் கைகொடுங்கள். விக்கித்தரவு, யாரும் எதற்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 (CC0) உரிமத்தில் வருவதால், வணிக வரைபடங்களைப் பார்த்து இருப்பிடத்தை எடுத்துப் போடக் கூடாது. ஊருக்கே போய், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து வந்து பதியுங்கள்.