"ஊசி போட்ட குட்டி" என்று தந்தார்கள்: யாழ்ப்பாணத்தில் நாய்க்குட்டி தத்தெடுக்க இருப்பவர்கள் வாசியுங்கள்

கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் நாய்க்குட்டி தத்தெடுக்க யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை வாசியுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த குட்டி ஏழாம் நாள் செத்துப்போனது. என் மகனுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரு பொய்யான தடுப்பூசி அட்டை.

எங்களிடம் 13 வருடம் இருந்த நாய் சித்திரை மாதத்தில் கிழமாகிச் செத்தது. மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் வெறும் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருப்பான். அதைப் பார்க்க முடியாமல்தான் முகநூலில் தேடினேன். பெயரிலேயே "காப்பகம்" என்று இருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. (பெயரை இங்கே எழுதவில்லை, பொலிஸில் கொடுத்திருக்கிறேன்.) தெருவில் கைவிட்ட குட்டிகளுக்கு வீடு தேடுகிறார்களாம். விற்பனை இல்லையாம், பராமரிப்புச் செலவு மட்டும் 9,500 ரூபாயாம். இரண்டு தடுப்பூசி போட்டாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, வயது மூன்று மாதம் என்றார்கள். நியாயமான காசு என்றே எனக்குப் பட்டது.

நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "இல்லை அக்கா, ஆக்கள் வந்து போனால் குட்டிகளுக்கு நோய் தொற்றும். அதால ஒருத்தரையும் உள்ளுக்கு எடுக்கிறேல்லை" என்றான் போனில் கதைத்த பையன். கேட்கும்போது சரியான காரணம் போலத்தான் இருந்தது. பாதி உண்மையும் அதில் இருக்கிறது. ஆனால் தொற்றுக்கு அவ்வளவு பயப்படுகிறவர்கள் வாழைப்பழப் பெட்டிக்குள் மூன்று குட்டிகளை ஒன்றாக அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, சந்தியில் வைத்து ஒவ்வொன்றாகக் கைமாற்றுவார்களா? அதை நான் அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். காசை முதல் நாளே வங்கிக் கணக்குக்குப் போட்டுவிட்டதால் வாய் எழவில்லை.

குட்டியைக் கையில் வாங்கியபோது பேபி பவுடர் வாசம் குப்பென்று வந்தது. உடம்பு முழுக்கக் காய்ந்திருந்தது, வாலுக்குக் கீழும் பின்னங்கால் உட்பக்கமும் மட்டும் ஈரம். "குளிக்க வார்த்தனாங்கள்" என்றான். முழுதாகக் குளிக்க வார்த்த குட்டிக்கு அந்த இடம் மட்டும் ஏன் ஈரமாக இருக்கும்? வயிற்றாலை போனதைப் புறப்படுவதற்கு முன் கழுவிவிட்டுப் பவுடர் பூசியிருக்கிறார்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, வயிறோ பறை மாதிரி உப்பிக் கிடந்தது. மெலிந்த குட்டிக்கு இப்படி வயிறு ஊதியிருந்தால் வயிற்றுப் பூச்சியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று பிறகு மிருக டொக்டர் சொன்னார். நான் அதைக் கொழுத்த குட்டி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் சும்மா சோர்ந்து கிடந்தது. இடம் புதுசு, பழகட்டும் என்று விட்டோம். மூன்றாம் நாள் விடிய மஞ்சளாக நுரை நுரையாகச் சத்தி எடுத்தது. மத்தியானம் இரத்தம் கலந்து வயிற்றாலை போனது. அந்த மணம் வீட்டை விட்டுப் போகக் கன நாள் எடுத்தது. பக்கத்து வீட்டு மாமி பாவம், நல்ல மனதோடு "பாதிப் பனடோல் கரைச்சுக் குடு பிள்ளை" என்றார். நல்ல வேளை கொடுக்கவில்லை. பனடோல் நாய்க்கு ஈரலைப் பழுதாக்கும், பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கப் போதும் என்று டொக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. எத்தனை வீடுகளில் இதைக் கொடுத்திருப்பார்கள்.

டொக்டர் மலத்தைப் பஞ்சில் எடுத்து ஒரு சின்னச் சோதனைப் பட்டையில் விட்டார். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோடு விழுந்தது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அவர் திட்டவில்லை. அட்டையைத் தரச் சொல்லி வாங்கினார், பிறகு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28, ஏறக்குறைய எட்டு வாரத்தில் எல்லாம் முளைத்துவிடும். இதற்குக் கடைவாய்ப் பக்கம் இன்னும் வெறும் முரசு (ஈறு). "மூன்று மாதமா? ஆறு வாரம் இருந்தால் பெரிய காரியம் அம்மா" என்றார். அட்டையில் முதல் ஊசி என்று எழுதியிருந்த திகதியிலிருந்து எண்ணிப் பார்த்தோம். அன்றைக்குக் குட்டிக்கு இரண்டு வாரம். கண் திறந்தும் திறக்காமலும் இருக்கிற வயது. பார்வோவுக்கு எதிரான முதல் ஊசியே ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான் தொடங்கும். அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை தொடர வேண்டும்.

அந்த அட்டையை இப்போதும் வைத்திருக்கிறேன். நாலு வார இடைவெளி விட்ட இரண்டு திகதிகளும் ஒரே நீலப் பேனையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கின்றன. உண்மையாக ஊசி போட்டால் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள். தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அதில் இருக்கும். பக்கத்தில் மிருக வைத்தியரின் கையெழுத்தும் பதிவு இலக்கத்தோடு முத்திரையும் இருக்கும். என் அட்டையில் லேபிளும் இல்லை, முத்திரையும் இல்லை. ஒரு கிறுக்கல் மட்டும்.

நாலு நாள் சேலைன் ஏற்றினோம். காலையும் மாலையும் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். ஏழாம் நாள் விடியப்புறம் என் மடியிலேயே அடங்கிவிட்டது. மகன் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்தப் பையனுக்கு அழைத்தேன். "வீட்டில வைச்சுப் பார்க்கத் தெரியாட்டி எங்களைக் குறை சொல்லாதேங்கோ" என்று வைத்துவிட்டான். அன்று பின்னேரமே என் இலக்கத்தை முடக்கிவிட்டார்கள்.

காசு போனது போகட்டும். எனக்கு இன்னும் ஆறாதது வேறு. மகன் விளையாட்டுக் காட்டியபோது அவன் விரலைக் குட்டி கடித்து, லேசாக இரத்தம் வந்திருந்தது. "ஊசி போட்ட குட்டிதானே" என்று சும்மா துடைத்துவிட்டேன். அட்டை பொய் என்று தெரிந்ததும் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, யாரையாவது கடித்ததா என்பதுதான். விசர் நோய் (ரேபிஸ்) சின்னக் குட்டிக்கும் வரலாம், மனிதருக்கு அதன் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை. கடித்தவுடன் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் நாட்கள் கழித்துப் போதனா வைத்தியசாலைக்கு ஓடினோம். பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு வந்தான். ஒரு நீலப் பேனைக் கிறுக்கலை நம்பி என் பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பார்வோக் கிருமி குட்டியோடு சாகாது. மண்ணில் பல மாதங்கள், ஒரு வருடம் கூட இருக்கும். சாதாரணச் சவர்க்காரத் தண்ணீருக்கு அது அசையாது. துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, சீமெந்துத் தரையைக் கழுவி பத்து நிமிடம் ஊறவிட்டோம். முற்றத்து மண்ணுக்கு அது வேலை செய்யாது. அதனால் ஊசி முழுதாகப் போடாத குட்டி எதையும் இந்த வளவுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏமாந்த சூட்டோடு "இன்னொரு குட்டி தாருங்கோ" என்று அவர்களிடமே மாற்றி வாங்கியவர்கள் இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது மூன்று வயதுப் பெட்டை நாய், ஊரில் பலரும் போய்ப் பார்த்த ஒரு காப்பகத்தில் எடுத்தது. அங்கே எங்களைத்தான் கேள்வி கேட்டார்கள். படலை பூட்டுமா, பகலில் வீட்டில் யார், முன்பிருந்த நாய் எப்படிச் செத்தது என்று எல்லாம் கேட்டு, கருத்தடை செய்த தழும்பைக் காட்டி, இரண்டு தரம் வந்து பழகிய பிறகுதான் தந்தார்கள். உண்மையான காப்பகம் ஒளித்து நடக்காது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் நாய்கள் சரணாலயம் எங்கே இருக்கிறதென்று யாரைக் கேட்டாலும் தெரியும். சந்தியில் பெட்டியோடு நிற்கிறவனின் இடத்தை யாரைக் கேட்பீர்கள்?

குட்டியை வாங்க முன்பு நானே பார்த்திருக்கக்கூடியவை எத்தனையோ. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மகனும் நானும் நாயை விறாந்தையில் படுக்கவைத்துப் பார்க்கிறோம். உதட்டைத் தூக்கினால் முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். அந்தக் குட்டிக்கு முரசு காகிதம் மாதிரி இருந்தது. நம் ஊரில் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சலிலும் முரசு வெளிறும். அதனால் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பார்ப்பது மகனின் வேலை. தோள் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். நித்திரையில் மூச்சை ஒரு நிமிடம் எண்ணினால் 30க்குள் இருக்க வேண்டும். மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதை வைத்துக் காய்ச்சல் சொல்ல முடியாது, அது வெறும் பேச்சு. நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிற்றல் தேர்மோமீற்றர் வாங்கி, நுனியில் வாஸ்லின் பூசி மலவாயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 38.3 முதல் 39.2 செல்சியஸ் வரை சாதாரணம். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு நாய்க்கு இயல்பானது. தொட்டுப் பார்த்துச் சொல்வதில் அதனாலும் பிரயோசனம் இல்லை.

நேற்றிரவு இன்னொருவரின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக நாலு குட்டிகள் போட்டிருக்கிறார்கள், "மூன்று மாதம், இரண்டு ஊசி போட்டது" என்று. ஒன்றுக்குப் பின்னங்கால் மட்டும் ஈரமாக இருக்கிறது. அவர்களிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் அட்டையை எறியாமல் எனக்கு உள்பெட்டியில் படம் அனுப்புங்கள். என்னுடைய முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.